பல்வலி மாத்திரை கேட்டுப் போன காலை

மூன்று வருடங்களுக்கு முன்பு, டிசம்பர் மாதத்தில் ஒரு காலை. ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்ற இடத்தில் உள்ள ஒரு மருந்துக் கடையில் இது நடந்தது.

நான் ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். வெள்ளக்கடைப் பக்கம் எங்களுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. அறுபத்திரண்டு வயதிலும் அதை அம்மாதான் பார்த்துக்கொள்கிறார். அன்று காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தவர் பாதியிலேயே வீட்டுக்கு வந்து, இடது தாடை வலிக்கிறது என்றார். அவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். பல் டாக்டரிடம் காட்டலாம் என்று ஸ்கூட்டரில் கூட்டிப் போனேன். டாக்டர் வர பத்து மணி ஆகும் என்றார்கள். அதுவரை தாங்க ஒரு வலி மாத்திரை வாங்கிவிடலாம் என்று பக்கத்துக் கடைக்குப் போனேன்.

கடையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இருந்தார். மாத்திரை எடுக்காமல், எனக்குப் பின்னால் வண்டியில் சாய்ந்து நின்ற அம்மாவையே பார்த்தார்.

"அம்மாவுக்கு எப்ப இருந்துங்க இப்படி வேர்க்குது?"

பழம் பறித்த களைப்பு என்றேன். அந்தக் குளிரில் தெருவில் எல்லோரும் ஸ்வெட்டரோடு போய்க்கொண்டிருந்தது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை. அவர் என்னை விட்டுவிட்டு, நெஞ்சில் ஏதாவது செய்கிறதா என்று அம்மாவிடம் கேட்டார்.

"ரெண்டு நாளா மேடு ஏறுனா நொம்ப அடைக்குதுங்க. வாயுவா இருக்கும்" என்றார் அம்மா. என்னிடம் அவர் அதைச் சொல்லவே இல்லை.

எனக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "ஏனுங்க, மாத்திரை இருந்தா குடுங்க, இல்லீன்னா இல்லீன்னு சொல்லுங்க. டாக்டர் வேலை உங்களுக்கு எதுக்குங்க?" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அவர் வெளியே வந்து அம்மாவை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார். என் வண்டிச் சாவியை உருவி எடுத்துக்கொண்டார். "திட்டறதுன்னா அப்பறமா திட்டுங்க. அம்மாவ நடக்க உடாதீங்க, வண்டியிலயும் ஏத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு, போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அது வந்து நின்ற பிறகுதான் சாவியை என் கையில் கொடுத்தார்.

அரசு மருத்துவமனையில் ஈசிஜி எடுத்தார்கள். மாரடைப்பு, தாடை வலியும் அதனால்தான் என்றார் டாக்டர். முதலுதவி செய்து உடனே சேலத்துக்கு அனுப்பினார்கள். மலை இறங்கும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "பறிச்ச பழம் மரத்தடியில சாக்கோட கெடக்குது கண்ணு. ஊட்ல சொல்லி எடுத்து வெக்கச் சொல்லு" என்றார். சரி என்றேன். அவர் எது சொன்னாலும் சரி என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

அன்றே அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் சிரமம் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். ஆறாம் நாள் அம்மா வீடு திரும்பினார்.

மறுநாள் மருந்துச் சீட்டோடு அதே கடைக்குப் போனேன். "அன்னிக்கு நான் பேசுனது தப்புங்க" என்று மட்டும் சொன்னேன்.

"கூட வர்றவங்க பதட்டத்துல அப்படித்தாங்க பேசுவாங்க" என்றார் அவர், சீட்டைப் படித்துக்கொண்டே. "இந்த மாத்திரைய மட்டும் டாக்டர் சொல்லாம நிறுத்தீராதீங்க." அதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டார். நான் நகர்ந்துகொண்டேன்.

அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். மேடு ஏறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான். அன்று அந்தப் பெண் நான் கேட்டதைக் கொடுத்து அனுப்பியிருந்தால், நல்ல கடை என்று நினைத்து, நன்றியும் சொல்லிவிட்டு அம்மாவைப் பல் டாக்டர் வாசலில் உட்கார வைத்திருப்பேன் என்பதை நினைத்தால் இன்றும் பயமாக இருக்கிறது.