தொட்டியோடு புதைத்த டாலியா

எங்கள் ஊரில் ஆண்டுக்கு ஒருமுறை வீட்டுத் தோட்டங்களை எல்லோருக்கும் திறந்துவிடுவோம். எப்போதும் ஜூனில் நடப்பது, அந்த வருடம் ஆகஸ்ட் கடைசிக்குத் தள்ளிப்போனது. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற கிளைவ் பார்ஜெட்டர் ஆடிப்போனார். அவருடைய வெயில் படும் பாத்தியில் இருந்ததெல்லாம் ஜூனில் பூத்து ஓய்கிற செடிகள். இப்போது காய்ந்த தண்டுகள்தான் நின்றன.

முந்தின நாள் நாற்றுப்பண்ணைக்குப் போய், பூத்து நின்ற சிவப்பு டாலியாக்களை வாங்கிவந்தார். தொட்டியோடு குழியில் இறக்கி மண்ணைத் தள்ளி மூடினார்.

மறுநாள் கூட்டம் அவர் பாத்தி முன்னால்தான் நின்றது. "எப்ப நட்டீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"மே மாசமே."

பக்கத்து வீட்டு நோரீன் வாடிய பூ ஒன்றைக் கிள்ளி இழுத்தாள். செடி தொட்டியோடு மேலே வந்துவிட்டது.

"என்ன கிளைவ், மே மாசத்துலேருந்து இன்னும் தொட்டியை விட்டு இறங்க மனசு வரலையா இதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். கிளைவ் காது வரை சிவந்துபோய் வீட்டுக்குள் நுழைந்தவர், கூட்டம் கலையும்வரை வெளியே வரவில்லை.

மாலையில் நோரீன் கதவைத் தட்டினாள். "வேடிக்கையாத்தான் சொன்னேன். கோவமா?"

"உன்மேல என்ன கோவம்? வாங்கினேன்னு சொல்லியிருந்தா யாரு என்ன சொல்லியிருப்பா? நான் ஏன் பொய் சொன்னேன்?"

அன்றே இருவருமாக டாலியாக்களைத் தொட்டியிலிருந்து எடுத்து நட்டார்கள். அவை அக்டோபர் உறைபனி வரை பூத்தன. கிளைவ் மட்டும் வெட்கம் தீராமல், அந்தப் பாத்தியைப் பார்த்த ஜன்னலின் திரையை விலக்கவே இல்லை.