இறுகிப்போன முதுகுப்பக்கம்

என் பெண்டாட்டிக்கு ஒரு இடத்துல உட்காரத் தெரியாது. சொந்தக்காரங்க வெச்ச பேரே பம்பரம். துணிக்கடையில பேண்ட் நீளம் குறைக்கிறது, இடுப்பு பிடிக்கிறதுன்னு நாள் முழுக்க தையல் மிஷினோட மல்லுக்கட்டிட்டு வருவா. வந்ததும் கையில பின்னல் ஊசி. தங்கச்சியோட போன்ல சண்டை போட்டுக்கிட்டே பின்னுவா. அடுப்புல பால் பொங்கி வழிஞ்சா திட்டு எனக்கு. நான் ஃபேன் ரிப்பேர் கடை வெச்சிருக்கறவன். சுத்துற எதையும் நிறுத்திடுவேன், இவளை மட்டும் முடியலை.

கோடை வர்றதுக்கு முன்னாடியே மகளுக்குன்னு கையில்லாத பருத்தி டாப் ஒண்ணு ஆரம்பிச்சா. மெல்லிசு நூல். ஊசியில ஏத்துற நூல் வளையம், அதான் கண்ணி, ஒண்ணு நேரா, அடுத்தது திருப்பி, மேல் வரிசையில அதையே மாத்தி. பின்னி முடிச்சா துணி முழுக்க அரிசி தூவின மாதிரி சின்னச் சின்ன மேடு. "இந்த மேடு இருந்தாத்தான் வேர்வையில உடம்போட ஒட்டாது"ன்னு எனக்குப் பாடம் வேற. முன்பக்கம் முடிஞ்சுது. கையில எடுத்தா வழுக்கிட்டு ஓடுற மாதிரி அவ்வளவு லேசு.

அப்பத்தான் அந்தச் சனியன் பிடிச்ச நாள் வந்தது. மக பேக்கரியில வேலை பாக்குறா. கூட வேலை செய்யறவன் அடுப்புலேர்ந்து எடுத்த தட்டோட திரும்பினான், கொதிக்கிற விளிம்பு இவ தோள்ல சூடு இழுத்துடுச்சு. காயம் ஆறிடுச்சு. ஆனா தோல் இன்னும் பிஞ்சுத்தோல், சட்டைத் தையல் பட்டாலே எரியுதுங்கறா. பேக்கரிக்கார அம்மா திங்கக்கிழமை வரச் சொல்லியிருந்தாங்க. வரலேன்னா வேற ஆள் பாத்துக்குவாங்களாம். அதே அடுப்பு, அதே இடம். போவாளா மாட்டாளான்னு கேக்க எங்க ரெண்டு பேருக்கும் வாய் வரலை. போனாலும் போட்டுக்க இந்த டாப்தான். கழுத்தை ஒட்டி ரெண்டு பட்டி மட்டும் வரும், காயத்துல எதுவும் உரசாது.

பம்பரம் முதுகுப்பக்கத்தை விழுந்து விழுந்து பின்னினா. முடிச்சு, முன்பக்கத்து மேல விரிச்சுப் பாத்தா, ஒரு கை அகலம் குறையுது. அதே நூல், அதே ஊசி, அதே கண்ணிக் கணக்கு. "கடைக்காரன் நூலை மாத்திட்டான்"னா. அப்புறம் ஊசி வளைஞ்சிருக்குன்னா. அப்புறம் நான் ஃபேனை வேகமா வெச்சதுதான் காரணம்னா. மொத்தத்தையும் உருவிட்டு மறுபடி ஆரம்பிச்சா. இந்தத் தடவை கண்ணிக்குள்ள ஊசி நுழையவே மாட்டேங்குது.

"இழுத்துப் பிடிச்சுப் பின்றே"ன்னேன்.

"நானா? எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்."

ஊசி பிடிச்ச விரல் வெளுத்துப் போயிருந்தது. என்னைப் பத்தி ஏன் கேக்கறீங்க, ஒரே ஃபேனைப் பிரிச்சுப் பிரிச்சு மாட்டிட்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில மக வந்து எட்டிப் பாத்தா. "என்னம்மா இது, டாப்பா, கால்மிதியா? குடு இங்க."

"உனக்குத் தோள் வலிக்கும்டி."

"விரல்தானே வேலை செய்யுது."

மகளே உருவிப் போட்டு முதல்லேர்ந்து ஆரம்பிச்சா. நடுவுல பேக்கரி சிநேகிதியோட போன். "திங்கக்கிழமை பெரிய கேக் ஆர்டராடி? க்ரீமை நீ தொடாதே, நான் வந்து அடிக்கிறேன்." நானும் அவ அம்மாவும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டோம்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரெண்டு பக்கத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு விரிச்சா. ஓரம் ஓரத்தோட அப்படியே உக்காந்துது.

"உனக்குப் பயமா இல்லையா?"ன்னு கடைசியில அவ அம்மா கேட்டே விட்டா.

"இருக்கு. அதுக்காக நூலைப் போட்டு இழுக்கணுமா?"

திங்கக்கிழமை அந்த டாப்போட படியிறங்கிப் போனா. பம்பரம் ஜன்னல்ல நின்னு தெருமுனை வரைக்கும் பாத்தா. அப்புறம் எனக்கு ஒரு பனியன் பின்னறேன்னு ஊசியை எடுத்தா. ரெண்டு வரிசை போட்டு இழுத்துப் பாத்தா. மரக்கட்டையா இருந்தது. உருவி, நூலைச் சுத்தி ஓரமா வெச்சா.

"அவ வந்ததும் ஆரம்பிக்கிறேன்"னா.

கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவ கை சும்மா இருந்து நான் பாத்தது அன்னிக்குத்தான். நானும் கடையைத் திறக்கலை. பக்கத்துல போய் உக்காந்தேன்.