மஸ்கெலியா வீதியில் ஏழாம் நம்பர் பருந்து

பருந்து பார்க்கிறவர்களுக்குக் கழுத்து வலிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஊரார் பேச்சில் காதும் வலிக்கும் என்று யாரும் சொல்வதில்லை. தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஹட்டன் பஸ் நிலையத்தில் ஐந்து நிமிடம் நின்றவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஆராய்ச்சிக்கு வந்த நிரோஷா மிஸ் எங்கள் பக்கத்தில் எட்டுக் குடுமிப் பருந்துகளைப் பிடித்து, இறக்கையில் நம்பர் எழுதிய மஞ்சள் பிளாஸ்டிக் தகடு மாட்டிப் பறக்கவிட்டார். எந்த நம்பரை எங்கே பார்த்தோம் என்று எழுதி அனுப்புவது எங்கள் பொறுப்பு. எங்கள் என்றால், விஞ்ஞான டீச்சரான நானும், ஹட்டனில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் சந்திரனும். மஸ்கெலியா வீதியில் ஒரு வளைவில் யாரோ கோழிக் கழிவு கொட்டுகிறார்கள். கழிவுக்கு எலி வருகிறது. எலியைப் பிடிக்கப் பருந்து தாழப் பறக்கிறது. அந்த நேரம் பார்த்து லொறி வருகிறது. மூன்று பருந்துகள் அப்படியே அடிபட்டுச் செத்துவிட்டன. இப்போது அந்த வளைவுக்கு வருவது ஏழாம் நம்பர் மட்டும்தான். மேலே டர்பன்டைன் மரத்துக் கூட்டில் அதற்கு ஒரு குஞ்சு. வளைவில் ‘மெதுவாகச் செல்லவும்’ என்று பலகை வைக்கும்படி கேட்டோம். வீதி அலுவலகத்தில் ஒரு நிபந்தனை சொன்னார்கள்: நம்பரும் வீதியும் ஒன்றாகத் தெரிகிற படம் ஒன்று, இந்த மாதம் முடிவதற்குள் வேண்டும். இல்லாவிட்டால் பலகை இல்லை.

ஒரு படம். அவ்வளவுதான் என்று நினைத்தோம்.

மலைக்கு வந்த உளவாளி

கூடு இருக்கும் மரத்துக்குக் கீழே தேயிலை மலை. பள்ளி விட்டதும் எதிர்ப்பக்கத்துப் பாறையில் ஏறி, தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தேன். அடுத்த நிமிடம் மலையில் இருந்த அத்தனை பெண்களும் நிமிர்ந்து நின்று, இயந்திரம் போல் கொழுந்து பறிக்க ஆரம்பித்தார்கள். வேலையை மேற்பார்க்கும் கங்காணி எங்கிருந்தோ ஓடி வந்து, தலையில் தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சத்தம் போட்டார். தோட்டத்தை நடத்தும் துரை என்னை வேவு பார்க்க அனுப்பியிருக்கிறார் என்று எல்லாருக்கும் தோன்றிவிட்டது.

நான் இறங்கிப் போய் விளக்கினேன். பருந்து, தகடு, குஞ்சு, லொறி, பலகை, ஒன்று விடாமல் சொன்னேன். பாக்கியம் அக்கா என்பவர் கூடையை இறக்காமலே முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: “நாங்க ரெண்டு மணியிலருந்து உக்காரவே இல்லன்னு மொதல்ல எழுதிக்கிங்க டீச்சர், பிராந்தப் பத்தி அப்பறமா எழுதலாம்.”

பேர் பதிவு

தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், லயத்துக்கு லயம் போய், தகடு போட்ட பருந்தின் படத்தைக் காட்டி விசாரித்தோம். முருகையா அண்ணன் படத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, வெகுநேரம் பார்த்தார். பார்த்திருக்கிறார் போலிருக்கிறது என்று சந்திரன் பேனாவைத் திறந்துவிட்டான்.

“இந்த நம்பர யாரு குடுத்தது?”

“முறைப்படி அனுமதி எடுத்துத்தான் அண்ணே மாட்டியிருக்கு. எங்க போனாலும் இதுதான் அதோட நம்பர்.”

“செத்தா?”

“அதையும் பதிவோம்.”

அவர் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். தோட்டத்தில் பேர் பதிந்தவர்களுக்குத்தான் நிரந்தர வேலை, மற்றவர்களுக்கு அன்றன்றைய கைக்காசுதான் என்பது எனக்கும் தெரியும். அவர் கேட்டது இதுதான்: “பறக்கிறதுக்கெல்லாம் பேர் பதிஞ்சிட்டீங்க, மூணு வருஷமா கைக்காசுக்கு மலையில நிக்கிறானே எம் மகன், அவனுக்கு எப்பங்க பதிவீங்க?”

கூரையில் மஞ்சள் தகடு

மஸ்கெலியாவிலிருந்து போன். “டீச்சர், மஞ்சத் தகடு, ஏழாம் நம்பரு, கூரையில உக்காந்திருக்கு, ஓடியாங்க.” கொட்டுகிற மழையில் சந்திரனின் மோட்டார் சைக்கிளில் ஓடினோம். கூரையில் உட்கார்ந்திருந்தது ஒரு சிவப்புப் பெட்டைக் கோழி.

தகடு உண்மைதான். மாஜரின் டப்பா மூடியை வெட்டி, மார்க்கர் பேனாவால் நம்பர் எழுதி, இறக்கையில் நூலால் கட்டியிருந்தது. முற்றத்தில் நான்கு, ஐந்து, ஆறாம் நம்பர்க் கோழிகள் இறக்கை சாய்ந்தபடி மேய்ந்தன. நூலை வெட்டிவிடச் சொன்னேன். கோழிக்காரப் பெண் செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தார். நஷ்டப்பட்டவரின் பார்வை அது. “நம்பர் இருந்தா, இதுவும் ஒங்க ஆளுதான்னு விட்டுடும்னு நெனச்சேன், நேத்து மூணாம் நம்பரத் தூக்கிட்டுப் போயிருச்சு, அதையும் எழுதிக்கிங்க.”

வானத்தைப் பார்த்தால் வரும் கூட்டம்

பிறகு வளைவிலேயே காவல் நின்றோம். பள்ளி விட்ட பின் மூன்று வாரம், பனியிலும் தூறலிலும். ஒருநாள் ஏழாம் நம்பர் கூட்டைவிட்டுக் கிளம்பியது. சந்திரன் கேமராவைத் தூக்கினான். அதே நேரம் மலை உச்சிக் கோயிலுக்குப் போகும் யாத்திரை வேன் ஒன்று எங்களைப் பார்த்து நின்றது. பின்னால் இன்னொரு வேன். அதற்குப் பின்னால் மரக்கறி லொறி. ஆட்கள் இறங்கி, எங்களைச் சுற்றி நின்று வானத்தைப் பார்த்தார்கள். யாரோ ஹோன் அடித்தார்கள். பருந்து போய்விட்டது.

வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர், ஹெலிகாப்டரில் மந்திரி வருகிறாரா என்று கேட்டார். இல்லை என்றேன். தன்னுடைய வேனையும் அதற்குப் பின்னால் நின்ற வரிசையையும் திரும்பிப் பார்த்துவிட்டு அவர் எங்களைக் கடிந்துகொண்டார்: “மந்திரியும் வரலன்னா, எதுக்குங்க ரெண்டு பேரும் இப்பிடி ரோட்ட அடைக்கிறீங்க?”

கடைசி நாள்

மாதத்தின் கடைசி நாள் சந்திரனுக்குக் காய்ச்சல். கேமரா அவனுடன் படுத்துவிட்டது. நான் பஸ்ஸில் ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்து, ‘முடியவில்லை மிஸ்’ என்று நிரோஷாவுக்கு எழுத ஆரம்பித்தேன். வளைவு வந்ததும் பஸ் நடை வேகத்துக்கு இறங்கியது. கண்ணாடிக்கு முன்னால், கிலோமீற்றர் கல்லின் மேல், எலியைக் காலில் பிடித்துக்கொண்டு ஏழாம் நம்பர். நான் எழும்புவதற்குள் நடத்துனர் போனை நீட்டிப் படம் எடுத்து முடித்திருந்தார்.

“இன்னைக்கு எலி பெருசு,” என்றார் சாரதியிடம்.

அவருடைய போனில் அதே கல், அதே பருந்து, நாற்பது படங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் மேலே பஸ் கண்ணாடியின் பிளாஸ்டிக் பூமாலை தொங்கியது. அதன் கீழே வீதியும் ‘7’ம் பளிச்சென்று தெரிந்தன. அன்று பின்னேரமே ஒன்றை வீதி அலுவலகத்துக்கு அனுப்பினேன். இரண்டு வாரத்தில் பலகை வந்துவிட்டது. குஞ்சு இப்போது கூட்டைவிட்டுப் பறந்து, தாய்க்குப் பின்னால் கல்வரை வருகிறது.

சாரதிக்கு நன்றி சொல்லப் போனவள், அடக்கமாட்டாமல் கேட்டும்விட்டேன்: மூன்று வாரம் அந்த வளைவில் நனைந்துகொண்டு நின்றோமே, தினமும் எங்களைத் தாண்டிப் போன நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். “நீங்க மரத்தையே உத்துப் பாத்துக்கிட்டு நின்னீங்க டீச்சர், தொந்தரவு பண்ணக்கூடாதுன்னுதான் நாங்க ஹோன்கூட அடிக்காமப் போனோம்.”

ஒரு பறவைக்குத் தகடு மாட்டிவிட்டால் ஊரில் எல்லாரும் அதைப் பார்த்துவிடுவார்கள், அதைப் பார்ப்பதற்கென்றே போய் நிற்கிறவர்களைத் தவிர.