கையில் வைத்த வயர்த் துண்டு

ஃபேரர் பார்க்கில் நானும் அண்ணனும் சேர்ந்து நடத்தும் பூக்கடையின் வேனில் செக் இன்ஜின் விளக்கு அணையவே இல்லை. பட்டறைக்காரர்கள் சென்சாரை மாற்றியும் பயனில்லை. வேனை விற்றுவிடலாம் என்று அண்ணன் தினமும் நச்சரித்தார். வாங்க ஆளும் பார்த்து வைத்திருந்தார்.

கடைசியாக, புக்கிட் பாஞ்சாங் பக்கம் வண்டி வயரிங் மட்டும் பார்க்கும் ஒரு வயர்மேனிடம் கொண்டுபோனேன். ஒடிசலான ஆள், சிரிக்காத முகம். இன்ஜினை ஓடவிட்டு, வயர்களை ஒவ்வொன்றாக விரலால் வருடிக்கொண்டே போனார். கெட்ட துண்டை வெட்டியெடுத்து வண்டிக்காரர் கையில் வைப்பது அவர் வழக்கமாம். என் கையிலும் வைத்தார்.

"எலியா?" என்றேன். எங்கள் கார்பார்க்கில் எலித் தொல்லை அதிகம்.

"எலி கடிச்சா பிஞ்சிருக்கும். இது யாரோ கட்டர் வச்சு வெட்டிட்டு, மேல டேப் சுத்தியிருக்காங்க. வண்டி சாவி வேற யார்கிட்ட இருக்கு?"

"எங்க அண்ணன்கிட்ட மட்டும்தான்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "அப்போ எலின்னே சொல்லிடுங்க லா."

புது வயர் போட்டதும் விளக்கு அணைந்தது. கடையில் எலி என்றே சொன்னேன். "நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார் அண்ணன், கட்டிக்கொண்டிருந்த பூமாலையிலிருந்து தலையைத் தூக்காமல்.

அந்த மனிதர் எனக்கு நல்லது செய்தாரா என்று இன்றும் தெரியவில்லை. எலி என்று சொல்லச் சொன்னவர், அந்தத் துண்டை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.