விளையாட்டுக்குச் சொன்னது

இந்த வெள்ளைக்கார ஊரில் கடவுளைப் பார்க்கப் போகிறவர்கள் பூட்ஸ் காலோடு போகிறார்கள். பந்து விளையாடப் போகிறவர்கள்தான் வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே நுழைகிறார்கள். கப்பலில் கரி அள்ளிப்போடுகிறவனாக வந்து, துறைமுகத்தில் காய்ச்சலில் விழுந்து, கப்பல் என்னை விட்டுவிட்டுப் போன பிறகு வேலை தேடி இந்தப் பல்கலைக்கழகத்து விளையாட்டுக் கட்டடத்தின் முன்னால் நின்ற அன்று, வாசலில் குவிந்திருந்த பாதரட்சைகளைக் கண்டதும் எனக்கு உடம்பே சிலிர்த்தது. கோயில் என்று முடிவுகட்டிவிட்டேன். என் கிழிந்த பூட்ஸையும் கழற்றி ஓரமாக வைத்து, குனிந்து, படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். உள்ளேயிருந்து விசில் தொங்கும் கழுத்தோடு ஒரு மலை ஓடிவந்தது. அவர்தான் கோச். "ஈரமா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. புரியாவிட்டால் "ஆங்" என்று சொல்லிவிடுவது என் வழக்கம். அவரும் குனிந்து தொட்டுப் பார்த்தார். நிஜமாகவே கூரை ஒழுகி மரம் ஊறியிருந்தது. நான்கு மாதமாக யாரும் கண்டுபிடிக்காததைக் கண்டுபிடித்த மேதை என்று எனக்கு அன்றே வேலை கொடுத்தார். பெயர் கேட்டார். ஊரைக் கேட்கிறார் என்று எண்ணித் திருத்தணி என்றேன். கடைசி இரண்டெழுத்துதான் அவர் காதில் நின்றது. அன்று முதல் நான் டோனி.

கூடம் என்றால் நம்மூர்ச் சந்தைவெளியை அப்படியே இரும்புக் கூரைக்குள் திணித்தது போல இருக்கும். இன்றைக்குக் கூடைப்பந்து, நாளைக்கு நடனம், அடுத்த வாரம் பட்டமளிப்பு, அதற்கடுத்த வாரம் மரத்தரைமேல் மண்ணைக் கொட்டி மாடுகளின் கண்காட்சி. யுத்தம் வந்ததும் வரிசை வரிசையாகக் கட்டில் போட்டுப் பட்டாளத்துப் பையன்களைப் படுக்கவைத்தார்கள். எது வந்தாலும் போன பிறகு தரை என் பொறுப்பு. துடைத்து, மெருகு பூசி, முகம் தெரிகிற மாதிரி ஆக்கிவிட வேண்டும். ஒரு சொட்டு நீர் நிற்கக் கூடாது. நின்றால் மரம் உப்பிவிடும்.

வால்டர் மூன்றாம் வருஷ மாணவன், கூடைப்பந்துக் குழுவில் உயரமானவன். எட்டி மூன்று தப்படி வைத்து ஒரு தாவு தாவுவான். கூடத்துக்குள் மட்டும் போடும் அவனுடைய ரப்பர்ப் பாதரட்சை தரையில் கிறீச், கிறீச், கிறீச் என்று மூன்று முறை கத்தி, பிறகு ஒரு கணம் சத்தமே இல்லாமல் போகும். அந்த ஒரு கணம் அவன் ஆகாயத்தில் இருப்பான். ஆகாயம் பிடித்துப்போயிற்றோ என்னவோ, விமானப் படையில் விமானியாகச் சேர்ந்தான். இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள் என்று சொல்ல என்னிடம் ஓடிவந்தான்.

"உங்கள் ஊரில் நான் என்ன பார்க்க வேண்டும், டோனி?"

"மலை. மேலே சாமி."

"பூட்ஸைக் கழற்ற வேண்டுமா?" என்று சிரித்தான். பூட்ஸை வாசலிலேயே கழற்ற வேண்டும் என்ற கோச்சின் சட்டத்தைக் கிண்டல் செய்வது எங்கள் இருவருக்கும் பொதுவான பொழுதுபோக்கு.

"எங்கள் சாமி கோச்சைவிடக் கறார். அடிவாரத்திலேயே கழற்ற வேண்டும்."

"எந்த நேரத்தில் ஏறுவது?"

அங்கேதான் என் நாக்கில் சனி வந்து உட்கார்ந்தான். நாற்பது வயது தாண்டியும் அடங்காத குறும்பு. "உச்சி வெயிலில், சரியாகப் பன்னிரண்டு மணிக்கு. மெதுவாக நடக்க வேண்டும். ஓடினால் சாமி ஏற்றுக்கொள்ளாது" என்றேன். சித்திரை வெயிலில் எங்கள் கல்படியில் காக்கைகூட அந்த நேரத்தில் காலை ஊன்றாது. பத்துப் படி ஏறிவிட்டு, என்னைத் திட்டிக்கொண்டே இறங்கிவிடுவான் என்று நினைத்தேன். வீட்டு முகவரியையும் எழுதிக் கொடுத்தேன்.

சில மாதம் கழித்து என் அக்காள் புருஷனிடமிருந்து கடிதம் வந்தது. ஸ்டேஷனில் ஜட்கா வண்டி ஓட்டும் அந்தப் பாவாவுக்கு எழுத்து வராது. யாரிடமோ சொல்லி எழுதவைத்திருந்தார். சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தான் அந்தப் புண்ணியவான்.

"மச்சான், உன் கையெழுத்துக் காகிதத்தைக் காட்டிகினு ஒரு வெள்ளக்காரன் என் வண்டில ஏறினாம்பா. அரக்கோணத்துல ஏரோப்ளேன் எறங்குதே, அங்க வந்துகிறானாம். இது ஏறுற நேரம் இல்லீங்க தொரை, பொழுது சாயட்டும்னு சொல்றேன். கைக்கடியாரத்தத் தட்டிக் காட்டறான். பூட்ஸ என் கைல குட்த்துட்டு ஏறினான். ஓடல மச்சான், நடக்கிறான். நான் கீழ நெழல்ல நின்னுகினு, ஓடு தொரை, ஓடு தொரைன்னு கத்தறேன். திரும்பிப் பாத்து சிரிக்கிறான். முழுக்க ஏறிட்டுத்தான் வந்தான். காலு ரெண்டும் அப்பளமாட்டம் பொரிஞ்சிகினு கீது. உன் அக்கா மோரு ஊத்தினா. அவனுக்கு இன்னாடா சொல்லி அனுப்பின?"

காலி இருக்கைகளின் நடுவே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அதை மறைக்க மாட்டேன். அந்தச் சிரிப்பு அடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, கூடத்து வாசலில் இறந்தவர்களின் பெயர்ப்பலகையில் வால்டரின் பெயரும் ஏறியது. அஸ்ஸாம் பக்கத்து மலைகளில் விமானம் விழுந்ததாம். கோச் மூக்கைச் சிந்திக்கொண்டே, விமானத்தைக் கையால் மட்டுமல்ல, காலாலும் மிதித்து ஓட்டுவார்கள் என்று ஏதோ பேச்சில் சொன்னார். அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பொரிந்த காலால் எப்படி மிதித்திருப்பான்?

அதன் பிறகுதான் சத்தம் கேட்க ஆரம்பித்தது. காலையில் தனியாகத் துடைக்கும்போது கிறீச், கிறீச், கிறீச். பிறகு ஒன்றுமில்லை. தாவினவன் இறங்கவே மாட்டான். நான் துடைப்பத்தை வேல் மாதிரி பிடித்துக்கொண்டு, "முருகா, இவன் உன் பக்தன், நீயே கூட்டிக்கொள்" என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். பேய்க்குத் தாழ்ப்பாள் ஒரு பொருட்டா என்ற யோசனை உள்ளே போன பிறகுதான் வரும். நீராவிக் குழாய் சூடேறும் சத்தம் என்றான் கொதிகலன் பார்ப்பவன். குழாய்க்கு மூன்று தப்படி எண்ணத் தெரியுமா என்று கேட்டேன்.

யுத்தம் முடிந்து இரண்டாவது குளிர்காலம். "சனிக்கிழமை காலை வால்டரின் தாயார் வருகிறார். உன்னைத்தான் பார்க்க வேண்டுமாம்" என்றார் கோச். மகன் எழுதிய கடிதங்களையெல்லாம் கொண்டுவருகிறாராம். அந்த வாரம் முழுவதும் எனக்கு இல்லாத நோயில்லை. சனிக்கிழமை குத்துச்சண்டை மெத்தைகளின் பின்னால் ஒளிந்தும் பார்த்தேன். தூசியில் தும்மிக் காட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

ஒல்லியான, உயரமான அம்மாள். யாரும் சொல்லாமலே வாசலில் பனி ஒட்டிய பாதரட்சையைக் கழற்றிவிட்டு வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து பையிலிருந்து ஐந்து கடிதங்களை எடுத்தார். "கால் புண்ணாகி, பத்து நாள் படுக்கையில் இருந்தான். அதுவரை மாதத்துக்கு நாலு வரிகூட எழுதமாட்டான். அந்தப் பத்து நாளில் ஐந்து கடிதம். உங்கள் மலை இல்லாவிட்டால் என்னிடம் அவன் எழுத்தே இருந்திருக்காது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிறகு கால் ஆறிவிட்டதா?" என்று கேட்டேன்.

"நன்றாக ஆறிவிட்டது. ஆனால் அவனோடு ஒரே விமானத்தில் பறந்த கூட்டாளிகள் அதற்குள் வேறு ஆளோடு போய்விட்டார்கள். இவனை வேறு விமானத்தில் சேர்த்தார்கள்."

"அந்தக் கூட்டாளிகள்?"

"எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு எனக்கு வாழ்த்து அனுப்புகிறார்கள். நல்ல பையன்கள்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கால் ஆறாமல் செத்தான் என்று பயந்திருந்தேன். ஆறும்வரை படுத்திருந்ததால் செத்திருக்கிறான். சொல்லிவிடுவது என்று எழுந்து நின்றேன். நடுங்கும்போது எனக்குத் தமிழில்தான் யோசனை ஓடும். விளையாட்டுக்குச் சொன்னேன், அம்மா. அதை வார்த்தை வார்த்தையாக இங்கிலீஷில் மாற்றினேன்: "ஐ டோல்ட் ஹிம் ஃபார் ப்ளே."

அவர் முகம் மலர்ந்தது. "ஆமாம், நன்றாக விளையாடுவான் இல்லையா? எந்த இடத்தில் நிற்பான்?"

நம் மொழியில் பந்தாட்டத்துக்கும் பரிகாசத்துக்கும் ஒரே சொல்லை வைத்த முன்னோர்களை அன்று சபித்தேன். திருத்திச் சொல்ல எனக்கு வேறு வார்த்தை தெரியாமல் இல்லை. தெரிந்தும் சொல்லவில்லை. கையை நீட்டி இடத்தைக் காட்டினேன். அவர் அங்கே போய்க் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து, வரும் வருஷம் மகனின் கல்லறையைப் பார்க்க இந்தியா போவதாகவும், அப்படியே எங்கள் மலைக்கும் போகப்போவதாகவும் சொன்னார்.

"விடியற்காலையில் ஏறுங்கள், அம்மா. கல் குளிர்ந்திருக்கும்."

"பன்னிரண்டு மணி என்றல்லவா அவன் எழுதியிருக்கிறான்?"

"வயதானவர்களுக்கு விலக்கு உண்டு."

"அவன் நடந்த மாதிரியே நடக்கிறேன்" என்றார்.

அன்றைக்கே பாவாவுக்கு எழுதினேன். ஒரு வெள்ளைக்கார அம்மாள் வருவார், அவருக்கு முன்னால் படிக்குப் படி தண்ணீர் ஊற்றிக்கொண்டே போ என்று. பதில் நேற்று வந்தது. "ஊத்தறேன். ஆனா அத்தினி படிக்கும் நான் ஒருத்தன் இன்னா பண்ணுவேன்? கீழ நான் ஊத்தறேன், மேல நீ வந்து ஊத்து மச்சான். நான் உச்சிக்குப் போறதுக்குள்ள கல்லு காஞ்சிடும்."

இன்று மாலை பந்தயம் இருக்கிறது. வாளி நிரம்பிவிட்டது. குழாயை மூட மறந்து நிற்கிறேன். விளிம்பில் வழிந்த நீர் மரத்தரையில் மெல்லப் பரவுகிறது. துணியை எடுக்கக் குனிய வேண்டும். மேல்படிக்கு ஊற்றப் புறப்பட்டதுபோல, கை வாளியின் பிடியை விடமாட்டேன் என்கிறது.