சோத்துக்கை

டெல்பினுக்குப் பயம் கூடவே பிறந்தது. கேஸை மூடிவிட்டுத் தெருமுனை வரை வந்தவள், திரும்பிப் போய் இன்னொரு தடவை தொட்டுப் பார்ப்பாள். சத்திரம் பேருந்து நிலையத்தில் போர்டைப் படித்துவிட்டு ஏறினாலும் கண்டக்டரிடம் கேட்டால்தான் நிம்மதி. தில்லை நகரில் செயற்கைக் கை செய்யும் இம்தியாஸ் இந்தக் குணத்துக்காகவே அவளை வேலைக்கு எடுத்தார். தைரியசாலிகள் யாரும் அவரிடம் நிலைக்கவில்லை.

பயப்பட வேண்டிய வேலைதான். சட்டை மாதிரி சின்னது, பெரியது என்று செய்து அடுக்கிவைக்க முடியாது. ஒரு கை ஒரே ஒரு ஆளுக்குத்தான். கையை இழந்தவர்கள் மிச்சம் இருக்கிற கையை வீட்டிலேயே போனில் சுற்றிச் சுற்றிப் படம்பிடித்து அனுப்புவார்கள். டெல்பின் அதைக் கம்ப்யூட்டரில் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் திருப்பி, போன கையாக மாற்றி இயந்திரத்துக்குக் கொடுப்பாள். அது பிளாஸ்டிக்கை உருக்கி, இழைமேல் இழையாக வைத்து, இரவும் பகலுமாக ஒரு கையை எழுப்பும்.

லால்குடி மருதை நெல் அறுக்கும் இயந்திரத்தில் கையைப் பறிகொடுத்தவர். எந்தக் கை என்று டெல்பின் போனில் கேட்டபோது சோத்துக்கைதான் என்றார். ஆனால் அவர் மகள் சுபஸ்ரீ அனுப்பிய படத்தில் இருந்ததும் வலது கை. போன கையை எப்படிப் படம் எடுப்பது? முன்கேமராவில் எடுத்திருப்பாள், அதுவே திருப்பிவிட்டிருக்கும் என்று டெல்பின் முடிவு கட்டினாள். நாம் வேறு திருப்ப வேண்டாமென்று அப்படியே அச்சுக்குக் கொடுத்தாள். கேஸை இரண்டு தடவை பார்க்கிறவளுக்கு ஒரு போன் போட்டுக் கேட்கத் தோன்றவில்லை.

கல்யாணத்துக்கு முதல்நாள் மருதை கையை வாங்க வந்தார். விடிந்தால் ஸ்ரீரங்கத்து மண்டபத்தில் சுபஸ்ரீக்கு முகூர்த்தம். இரண்டு கையாலும் பிடித்து மகளைத் தாரை வார்க்க வேண்டும், அவருக்கு அது ஒன்றுதான் ஆசை. டெல்பின் டீயை நீட்டினாள். அவர் வலது கையால் வாங்கிக்கொண்டார்.

மேசைமேல் பெட்டிக்குள் இருப்பதும் அதே கை.

"ஐயா, சோத்துக்கைன்னு சொன்னீங்களே."

"ஆமாம்மா. நான் பீச்சாங்கையாலதான் சாப்பிடுவேன். எனக்கு அதுதானே சோத்துக்கை."

வாய் குழற எல்லாவற்றையும் சொன்னாள். வேறு கை நாளை முகூர்த்தத்துக்குள் வராது என்பதையும் சொன்னாள். அவர் கத்துவார் என்று சுவரோடு ஒட்டி நின்றாள். மருதை பெட்டியைத் திறந்து கையை எடுத்தார். அவருடைய வலது கையின் கோணல் மோதிர விரல்கூட அப்படியே இருந்தது. சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்குத்தான் அவள் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள்.

"சோத்துக்கையால தின்னுடான்னு எங்கப்பா அடிச்சாரு, வாத்தியாரு அடிச்சாரு. கடைசியில மெஷினும் அதையே சொல்லுது."

கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டால் யார் பார்க்கப் போகிறார்கள், இதையே மாட்டிவிடு என்றார். டெல்பின் பட்டையை இறுக்கிக் கட்டினாள்.

மறுநாள் மண்டபத்தில் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றாள். மாப்பிள்ளை வீட்டார் பார்த்துச் சிரித்துவிட்டால் அந்த மனுஷன் எப்படித் தாங்குவார் என்று அவளுக்குப் பயம். தாரை வார்க்கும் நேரத்தில் ஐயர் துண்டை எடுக்கச் சொன்னார். மருதை எடுத்தார். மகளின் கையை ஏந்திய இரண்டு கைகளிலும் கட்டை விரல்கள் ஒரே பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன.

சுபஸ்ரீ குனிந்து பார்த்தாள். படம் பிடித்தவளே அவள்தான், அவளுக்கா தெரியாது. அப்பாவின் முகத்தை ஒரு முறை பார்த்தாள். பிறகு தன் இன்னொரு கையை எடுத்து அந்தப் பிளாஸ்டிக் கட்டை விரலை மூடிக்கொண்டாள். தண்ணீர் வார்த்து முடியும்வரை எடுக்கவில்லை.

டெல்பின் பந்தியில் உட்காராமல் பஸ் ஏறினாள். தில்லை நகரில் இயந்திரத்துக்குள் மருதையின் இடது கை பாதி எழும்பியிருந்தது. இடதுதானா என்று தன் கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கதவுவரை போனவள் திரும்பி வந்து, மறுபடியும் வைத்துப் பார்த்தாள்.