மார்க்குக்குக் கிடைத்த இடம்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியை மிதித்த முதல் ஆள் நான்தான். எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளிக்கே முதலாக வந்தேன். அதை யாரும் எனக்குக் கொடுத்ததாக நான் நினைக்கவில்லை, நானே எடுத்தது. அடுத்து புகுமுக வகுப்பு, வணிகவியல் பட்டம், பிறகு ஆடிட்டர் ஆபீஸ் வேலை. எல்லாம் மனத்துக்குள் முடிவாகியிருந்தது. இவ்வளவு மார்க் இருக்கும்போது என்னை எந்தக் கல்லூரி வேண்டாம் என்று சொல்லும்?

கீழே சமவெளியில் புதிதாகத் தொடங்கியிருந்த கல்லூரி அது. அதன் நிர்வாகக் குழுவினர் சீசன் முழுவதும் கொடைக்கானலில் பங்களா எடுத்துத் தங்கிவிடுவார்கள் என்பதால் நேர்காணலையும் அங்கேயே வைத்திருந்தார்கள். அப்பாவும் நானும் பழனியிலிருந்து வத்தலக்குண்டு போய் மலை பஸ் பிடித்து, மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். மார்க் சீட்டு மடங்கிவிடாமல் இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்தேன். மலைப்பாதை வளைவுகளில் பஸ் சாய்ந்தபோதும் அதை விடவில்லை.

பங்களா வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தார்கள். என் பக்கத்தில் என் வயதில் இன்னொரு பெண். கொடைக்கானல் பஜாரில் கம்பளிக் கடை வைத்திருந்தவரின் மகள். அவளுடைய அத்தா கடையை அடைத்துவிட்டு வந்து, தொப்பியைச் சரிசெய்தபடி சுவரோரம் நின்றார். அவள் என் மார்க்கைக் கேட்டாள். சொன்னேன், கொஞ்சம் உரக்கவே. அவள் தன்னுடையதை மெதுவாகச் சொன்னாள். என்னைவிடப் பதினொன்று அதிகம். அதற்கு முன் என்னைவிட அதிக மார்க் வாங்கிய ஒரு பெண்ணை நான் கண்ணால் பார்த்ததில்லை.

கழுத்தில் மப்ளர் சுற்றிய ஒருவர் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு தகப்பனாராகத் தனியே அழைத்துப்போய், எந்த ஊர், கூட எத்தனை பேர், எங்கே தங்கல், என்ன தொழில் என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார். அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்குப் பழனி ரயில் நிலையத்தில் வேலை. ரயில்வே வேலை அல்ல. வந்திறங்கும் பக்தர்களை எதிர்கொண்டு, பெட்டியை வாங்கிக்கொண்டு, தங்க இடம் காட்டி, மொட்டைக்கும் பஞ்சாமிர்தத்துக்கும் கடை காட்டிவிடுவார். கடைக்காரர்கள் கமிஷன் தருவார்கள். அவரும் முதலில் கேட்பது இதே நான்கு கேள்விகளைத்தான்.

"பாத்தியா தாயி," என்றார் அப்பா, "அந்தாளும் நம்ம சோலிதான் பாக்குறாரு."

எனக்குக் கோபம் வந்தது. கல்லூரியையும் ரயிலடியையும் ஒன்றாக்குகிறாரே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

என்னை உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். அட்டையைப் பிரித்து மார்க் சீட்டை நீட்டினேன். ஒரு கையும் நீளவில்லை. தோட்டம் உண்டா, கடை உண்டா, லாரி ஓடுகிறதா என்று கேட்டார்கள். கட்டட நிதிக்கு அப்பா என்ன செய்வார் என்றார் நடுவில் இருந்தவர். நான் என் கணக்கு மார்க்கைச் சொன்னேன். அவர் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, மற்றதை வெளியே இருப்பவர் சொல்வார் என்று அனுப்பிவிட்டார். ஆசிரியர்கள் எழுந்து நின்று பாராட்டிய தாள் அது. அது மேசையின் மேல்கூடப் படவில்லை.

வெளியே மப்ளர்காரர் அதற்குள் அப்பாவிடம் வந்திருந்தார். நிதி, நன்கொடை என்று அவர் ஆரம்பிக்க, அப்பா குறுக்கிட்டார்.

"அது உள்ள இருக்கவுகளுக்குங்க. அதுல ஒங்களுக்கு என்ன நிக்கும்?"

அவர் விழித்தார். அப்பா தன் தொழிலைச் சொன்னார். "ரயில்ல வந்து எறங்குறவுகள நான் பாக்குறேன். பஸ்ஸுல வந்து எறங்குறவுகள நீங்க பாக்குறீக. எங்க ஊர்ல தொழில்காரன் வீட்டுப் புள்ளைன்னா கமிஷன் வைக்கமாட்டோம்."

மப்ளர்காரர் சிரித்துவிட்டார். அப்பா தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார். நானும் பின்னாலேயே போனேன். மார்க்குக்கு என்று நான்கு இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்களாம், பல்கலைக்கழகத்துக்குக் கணக்குக் காட்ட. அதிலும் மூன்று விலைபோய்விட்டதாம். மீதி ஒன்றில் என்னை எழுதச் சொல்வது தன் பொறுப்பு என்றார். பிறகு, தன் பேரனுக்கு ஆவணியில் பழனியில் முடியிறக்க வேண்டும், வீட்டில் பன்னிரண்டு பேர் வருவார்கள் என்றார்.

"அத எங்கிட்ட விட்டுருங்க," என்றார் அப்பா.

என் பதினோரு வருடப் படிப்புக்கு ஒரு குழந்தையின் மொட்டை. அவர்கள் இருவரும் கைகொடுத்துக்கொண்டதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மார்க்குக்காகக் கொடுத்தால்தான் சேருவேன் என்றேன்.

"மார்க்குக்குத்தான் தாயி குடுக்குறாக," என்றார் அப்பா சாதாரணமாக. "அத உள்ள கொண்டுபோக ஒரு ஆளு வேணும்ல?"

மப்ளர்காரர் என் கையிலிருந்து மார்க் சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது அதன்மேல் நீலப் பென்சிலில் ஒரு குறி இருந்தது. படிவம் நீட்டினார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை. கீழே போனால் எனக்கு வேறு கல்லூரி கிடையாது; இது ஒன்றுக்குத்தான் மனுப் போட்டிருந்தேன். என் பெயரை ஆங்கிலத்தில், அழகாக, அடியில் கோடிட்டு எழுதினேன்.

பெஞ்சுக்குத் திரும்பி வந்தேன். கம்பளிக் கடைக்காரர் மகள் எழுந்து நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

"கெடச்சிருச்சா?"

"ம். மார்க்குக்குக் குடுத்தாங்க."

பொய் சொல்லவில்லை என்றே அந்த நிமிடம் எனக்குத் தோன்றியது. அவள் முகம் அப்படி மலர்ந்தது. தன் அத்தாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தா, இவுகளுக்கே குடுத்துட்டாக. அப்ப எனக்குக் கட்டாயம் உண்டு."

உள்ளே இருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சீட்டைக் கையில் விரித்துப் பிடித்தபடி அவள் வேகமாக உள்ளே போனாள். நான் அவளைத் தடுக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அப்பாவிடம் நான்தான் சொன்னேன்.